ஏழுக்கு அப்புறம் ஒன்பது

எங்க அண்ணி பேரு வெட்டின நடுகல்லு, செப்டிக் டேங்குக்குத் தோண்டின குழியில கிடைச்சுது. அண்ணி வீட்டை விட்டுக் கிளம்பி அப்ப மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. கல்லுக்கோ வயசு ஆயிரத்து ஐந்நூறு.

சிரிக்காதீங்க. சிரிச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பேரு தாட்சாயணி. பழைய கல்வெட்டுல இருக்கற தேதியை இன்னிக்குக் காலண்டர் தேதியா மாத்திக் கொடுக்கறது என் வேலை. அண்ணன் ஏகநாதன் இன்ஜினியர். அவன் பொண்டாட்டி நப்பின்னை மண்ணும் மழையும் படிச்சவங்க. மூணு பேரும் ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரே ஆராய்ச்சி நிலையத்துல வேலை. அங்கதான் அண்ணனும் அவன் ஆளுங்களும் சேர்ந்து ஒரு வாசல் கட்டினாங்க. பழைய காலத்துக்குப் போற வாசல்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு என்னைக் கேட்காதீங்க. அண்ணன் விளக்க ஆரம்பிச்சாலே எனக்குக் கொட்டாவி வந்துடும். எங்க பக்கம் எப்ப வேணா திறக்கலாம். ஆனா அந்தப் பக்கம் வருஷத்துல ரெண்டே நாள்தான் திறக்கும், பகலும் ராத்திரியும் சமமா இருக்கற புரட்டாசி நாளும் பங்குனி நாளும். ஒரு தடவை திறந்த நாளை மறுபடி திறக்க முடியாது. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பேட்டரி காலி. ஒண்ணு செய்ய வருஷக்கணக்கா ஆகும். எங்ககிட்ட இருந்தது ரெண்டு. ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு.

ஏன் போகணும்னு எங்க அம்மா கேட்டாங்க. சாப்பிட்டுட்டு இருந்தப்போதான் கேட்டாங்க, தட்டை நகர்த்தி வச்சுட்டு.

"அத்தை, இப்ப வெயில் தாங்க முடியலை இல்ல? ஆகாயத்துல தூளைத் தூவி சூரியனைக் கொஞ்சம் மறைக்கப் போறாங்க. எல்லா நாடும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றாங்க அண்ணி.

"நல்லதுதானே? மறைக்கட்டும்."

"நல்லதான்னு யாருக்குத் தெரியும்? இதே மாதிரி ஒரு தடவை தானாவே நடந்திருக்கு. கி.பி. 536. எங்கேயோ எரிமலை வெடிச்சு அந்தச் சாம்பல் உலகம் பூரா பரவிடுச்சு. வருஷம் முழுக்க சூரியன் நிலா மாதிரி மங்கிக் கிடந்துச்சு. ரோம்ல எழுதி வச்சிருக்கான். சீனாவுல கோடையில பனி பெஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்கான். நம்ம ஊர்ல மட்டும் ஒரு வரி கிடையாது."

"ஒண்ணும் நடக்கலை போல. அதான் எழுதலை."

"அதையேதான் பெரிய கமிட்டியும் சொல்லுது. தெற்கே ஒண்ணும் ஆகாது, தைரியமாத் தூவலாம்னு. யாராச்சும் போய் அன்னிக்கு நம்ம மழை என்னாச்சுன்னு பார்த்துட்டு வர வேணாமா? எழுத ஆள் இல்லாமப் போயிருந்தா?"

அம்மா அதுக்கப்புறம் ரசம்கூட ஊத்திக்கலை.

ஏற்பாடு இதுதான். 536 புரட்டாசியில அண்ணி அங்க இறங்குவாங்க. ஒன்றரை வருஷம் இருந்து ரெண்டு மழைக்காலம் பார்த்துட்டு, ரெண்டாவது பங்குனியில திரும்புவாங்க. அவங்களுக்கு ஒன்றரை வருஷம், எங்களுக்கு ஒரு மாசம். நடுவுல ஏதாவது ஆகி நாங்க முன்கூட்டியே திறந்தாலும் திறப்போம். அதனால சூரியன் ரெண்டு குன்றுக்கும் நடுவுல எழும்பற நாள் எப்ப வந்தாலும் அந்த இடத்துல வந்து நிக்கணும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் டாக்டர் சொல்லி, பேன் கீன் வரக்கூடாதுன்னு, அண்ணி மொட்டை அடிச்சுக்கிட்டாங்க. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் விடுவேனா? "எந்த சாமிக்கு அண்ணி வேண்டுதல்? சந்தனம் பூசி விடட்டுமா?"ன்னேன். "வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்டி"ன்னாங்க.

அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்க கிளம்பினாலும் உள்ளங்கையைக் காட்டி, "இரு, வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போவாங்க. அடுப்புல பாலை வச்சுட்டு இப்படிக் கையைக் காட்டிட்டுப் போனா, பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, நாங்க துடைச்சு முடிச்ச அப்புறம்தான் வருவாங்க. அன்னிக்கும் வாசலுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி திரும்பி, அதே கை. "போயிட்டு வரேன்"னாங்க. அவ்வளவுதான்.

மூணு வாரம் கழிச்சு குழி தோண்டறவர் வந்து என்னைக் கூப்பிட்டார். "அம்மா, எழுத்து வெட்டின கல்லு ஒண்ணு வருது, மண்வெட்டி படறதுக்குள்ள வாங்க."

எங்க நிலையத்தைச் சுத்தி நடுகல்லுக்குப் பஞ்சமே கிடையாது. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்கும், மாட்டைக் காப்பாத்தி நின்னு செத்தவனுக்கும் அந்தக் காலத்துல கல்லு நட்டிருக்காங்க. வெளி மைதானத்துல, நட்ட இடத்துலயே வருஷ வரிசைப்படி நிக்குது. எல்லாத்துலயும் வில்லு, கத்தியோட ஆம்பளைங்க. இந்தக் கல்லுல ஒரு பொம்பளை. தோள்ல பை. வலது கை தூக்கி, உள்ளங்கை நம்மளைப் பார்த்து இருக்கு. மேல வட்டெழுத்து. துடைக்கத் துடைக்கப் படிச்சேன்.

"கோக் கந்தவாணற்கு யாண்டு ஏழாவது, புறத்து நின்று வந்த நப்பின்னை கல்."

கந்தவாணன்ங்கறது அந்த ஊர் குறுநில ராசா. அவனோட ஏழாவது ஆட்சி வருஷத்துல, வெளியிலேருந்து வந்த நப்பின்னைக்கு வச்ச கல்லு. நான் குழியிலயே உட்கார்ந்துட்டேன்.

நடுகல்லுன்னா செத்தவங்களுக்குத்தான். உயிரோட இருக்கறவங்களுக்கு யாரும் வைக்க மாட்டாங்க.

அண்ணன் ஓடி வந்தான். கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தாச்சு, தேதியைச் சொல்லு" என்றான்.

கணக்குப் போட்டுச் சொன்னேன். அப்பல்லாம் கி.பி.ன்னு ஒண்ணு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. ராசா பட்டத்துக்கு வந்து எத்தனாவது வருஷம், அதுதான் காலண்டர். கந்தவாணனோட மூணாவது வருஷத்துல முழு சூரிய கிரகணம் வந்ததா ஒரு கல்லு சொல்லுது. கிரகணம் எப்பன்னு நமக்குத் தெரியும். அதுலேருந்து எண்ணினா ஏழாவது வருஷம் 536. மாசி பௌர்ணமியில ராசாவுக்குப் பெருநாள் எடுப்பாங்க, அன்னியோட வருஷம் மாறிடும். அதையும் கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க.

"அப்ப ஏழாவது வருஷம் 537 மாசியோட முடிஞ்சுது" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணா."

"எனக்கு முதல்ல திறக்கக் கிடைக்கிற வாசல் பங்குனி."

"ஆமா."

"அதுக்குள்ள அவ செத்துட்டா."

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவன் கல்லு மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னான். குழி தோண்ட வந்தவர் துண்டைத் தோள்லேருந்து இறக்கினார்.

அன்னிக்கு மத்தியானமே இயக்குநர் கூட்டம் போட்டாங்க. எஸ்தர் ஞானசெல்வி, திருநெல்வேலிப் பக்கம். கெட்டவங்க இல்லை, ஆனா எதையும் மூடி மறைச்சுப் பேசத் தெரியாது.

"ஏகநாதன், நானும் அழுதுட்டுதான் வந்திருக்கேன். ஆனா சொல்லாம இருக்க முடியாது. பேட்டரி கசியுது. வெள்ளிக்கிழமைக்கு மேல தாங்காது. அந்தப் பிள்ளை இல்லைன்னு ஆகிப்போச்சு. அவ எதுக்குப் போனாளோ அதையாச்சும் காப்பாத்தணும். ரெண்டு மழைக்காலமும் பதிஞ்ச மண்ணு வேணும், அதனால ரெண்டாவது பங்குனியைத் திறந்து, மண் எடுக்கிற பெட்டி ஒண்ணை உள்ள விட்டு இழுத்துருவோம். கமிட்டிக்குக் காட்ட ஏதாவது வேணும்லா?"

அண்ணன் சரின்னு தலையாட்டினான். எனக்கு அவனை அறையலாம் போல வந்துச்சு. ஆனா தேதி சொன்னதே நான்தானே, யாரை அறையறது?

வெளியில வந்து அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "வாங்கி வச்ச வெடியெல்லாம் பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் கொடுத்துடறேன். நம்ம வீட்டுக்கு இந்த வருஷம் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது"ன்னாங்க. சாவு விழுந்த வீடு. ஒரு வருஷத்துக்கு எந்தப் பண்டிகையும் எடுக்கக் கூடாது.

போனை வச்சுட்டு மைதானத்தைப் பார்த்தேன். வரிசையா கல்லு. எனக்கு ஒவ்வொண்ணும் மனப்பாடம். அஞ்சாவது வருஷத்துல ஒண்ணு, ஆறுல ரெண்டு, ஏழாவதுல நாப்பதுக்கு மேல, அது ஏதோ பெரிய மாட்டுச் சண்டைன்னு நினைச்சிருந்தோம். ஒன்பதுல மறுபடி ஒண்ணு. எட்டாவது வருஷத்துல ஒரு கல்லுகூடக் கிடையாது. எட்டாவது நல்ல வருஷம், யாரும் சாகலைன்னு ஆராய்ச்சிக்காரங்க எல்லாரும் எழுதியிருக்காங்க.

எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. அடப்பாவிங்களா! ஏழுல நாப்பது சாவு விழுந்த ஊர்ல எவன் பெருநாள் எடுத்திருப்பான்? பெருநாள் எடுக்கலைன்னா வருஷம் எப்படி மாறும்?

செருப்புகூடப் போடாம இயக்குநர் ரூமுக்கு ஓடினேன். அண்ணனும் அங்கதான் இருந்தான், பெட்டிக்கு அளவு சொல்லிக்கிட்டு.

"மேடம், எட்டாவது வருஷம்னு ஒண்ணே இல்லை!"

"என்ன சொல்லுதீங்க? உக்காருங்க முதல்ல."

"அந்த மாசியில பெருநாள் எடுக்கலை மேடம். ஊரே சாவு வீடு. அதனால ஏழாவது வருஷம் முடியவே இல்லை. அடுத்த மாசி வரைக்கும் ஏழாவதுன்னேதான் வெட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் கணக்கு பார்த்து நேரா ஒன்பதுக்குப் போயிட்டாங்க. அதான் ஏழுல அத்தனை கல்லு. ரெண்டு வருஷத்துச் சாவு அது!"

அண்ணன் எழுந்துட்டான். "அப்ப பங்குனி?"

"பங்குனியும் ஏழாவதுதான்ணா. மாசிக்குள்ள செத்தாங்கன்னு சொல்ல முடியாது."

இயக்குநர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "தாட்சாயணி, உங்க அண்ணிங்கிறதால உங்க மனசு இப்படி எண்ணுதோ? வருஷத்தை நிறுத்தி வைக்கிற ஊர் எங்கயாச்சும் உண்டா?"

"உண்டு மேடம். ரோம் இருக்கு. அவங்களுக்கு நம்பர் கிடையாது, அந்தந்த வருஷத்து அதிகாரி பேருதான் வருஷத்துக்குப் பேரு. இதே 536-ல அவங்க யாரையும் அந்தப் பதவிக்கு வைக்கலை. என்னன்னு எழுதினாங்க தெரியுமா? போன வருஷத்து அதிகாரிக்கு அடுத்த வருஷம்னு. அதுக்கும் அடுத்த வருஷத்தை, ரெண்டாவது அடுத்த வருஷம்னு. அவ்வளவு பெரிய ராஜ்ஜியமே சொந்தப் பேரில்லாம வருஷத்தை ஓட்டியிருக்கு. நாலு தெரு இருக்கற இந்த ஊரு ஒரு வருஷத்தை நிறுத்தி வைக்காதா?"

"சரி, இருக்கட்டும். ஆனா முதல் பங்குனியில அவ உயிரோட இருந்தான்னு எதை வச்சு சொல்லுதீங்க? புரட்டாசியில இறங்கி ஐப்பசியில செத்திருந்தா? திறந்தோம், ஆள் இல்லை, மண்ணும் இல்லைன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

அதுக்கு மேல அங்க நின்னா அழுதுடுவேன்னு வெளியில வந்துட்டேன். கல்லை கேன்டீன் பின்னாடி சாய்ச்சு வச்சிருந்தாங்க. அது முன்னாடி தரையில உட்கார்ந்து அந்தப் பொம்பளையைப் பார்த்தேன். சிற்பி நல்லாத்தான் செதுக்கியிருக்கான். பையோட வார்கூடத் தெரியுது. கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி, சாமியாவே ஆக்கிட்டான். அப்புறம்தான் தலையைப் பார்த்தேன்.

முடி இருந்துச்சு. காதை மூடி, பிடரியைத் தொடற அளவுக்கு.

"அண்ணா!" நான் கத்தின கத்துல கேன்டீன்லேருந்து எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. இயக்குநரும் வந்தாங்க.

"மொட்டைத் தலையோட போனவங்க மேடம்! ஐப்பசியில செத்திருந்தா இவ்வளவு முடி வளர்ந்திருக்குமா? ஒன்றரை வருஷம் இருந்திருந்தா தோளுக்கு வந்திருக்கும். இது ஆறு மாசத்து முடி. பொம்பளைங்க நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாதா? புரட்டாசியிலேருந்து ஆறு மாசம் எண்ணுங்க!"

இயக்குநர் விரல்விட்டு எண்ணலை. கல்லுகிட்ட வந்து, குனிஞ்சு, அந்த முடியை விரலால தடவிப் பார்த்தாங்க. அவங்களும் ஒரு தடவை உடம்பு முடியாம முடியெல்லாம் கொட்டி, மறுபடி வளர்ந்து வந்தவங்க. அது எனக்கு அப்ப ஞாபகம் இல்லை.

"ஆறு மாசம்தான். எனக்கும் இந்த அளவுதான் இருந்துச்சு" என்றாங்க. "ஏகநாதன், பெட்டியைத் தூக்கி ஓரமா வையும். முதல் பங்குனி. தப்பாப் போச்சுன்னா என் தலையில விழட்டும்."

வியாழக்கிழமை காலையில திறந்தோம். அம்மா பஸ் பிடிச்சு வந்துட்டாங்க, உள்ள விட மாட்டோம்னு சொல்லியும் ஷெட் வாசல்ல நின்னாங்க. இரும்புச் சட்டத்துக்கு நடுவுல காத்து முதல்ல கலங்குச்சு, அப்புறம் அந்தப் பக்கம் தெரிஞ்சுது. குளிர்காத்து குப்புன்னு வந்து முகத்துல அடிச்சுது. பங்குனி மாசம் ஜவ்வாது மலையில குளிர்! ரெண்டு குன்றுக்கும் நடுவுல சூரியன் எழும்பியிருக்கு, ஆனா கண்ணு கூசாம நேரா பார்க்கலாம். துலக்காத செம்புத் தட்டு மாதிரி இருந்துச்சு. கீழ மண்ணு வெடிச்சு, ஒரு புல்லு இல்லை.

அங்க ஆள் யாரும் இல்லை.

வாசல் தாங்கறதே ஒரு டம்ளர் காபி ஆறுற நேரம்தான். பேட்டரி ஊசி இறங்குது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை, வாசலையே பார்த்துக்கிட்டு நின்னான். "நப்பின்னை!"ன்னு கத்தினான். இயக்குநர் ஜெபம் பண்றது உதட்டுல தெரிஞ்சுது. நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன், உன் கணக்கும் நீயும், உன் முடியும் நீயும்னு.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றான் பேட்டரிகிட்ட நின்னவன்.

அப்போ ஓரத்துலேருந்து ஒரு முதுகு தெரிஞ்சுது. கிழிஞ்ச சட்டை, தோள்ல பை, காதை மூடின முடி. எங்களைப் பார்த்து வரலை, பின்பக்கமாவே நடந்து வந்தாங்க. முகம் அந்தப் பக்கம் யாரையோ பார்த்து இருந்துச்சு. வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டிக்கிட்டே வந்தாங்க. அந்த ஊர் பாஷையில என்னவோ சொன்னாங்க. அண்ணன் பாய்ஞ்சு சட்டையைப் பிடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் சிமென்ட் தரையில விழுந்தாங்க. வாசல் அணைஞ்சு போச்சு.

அண்ணன் ஓன்னு அழுதான். நான், "ஏன் இவ்வளவு லேட்டு? பாலா வச்சிருக்கோம் அடுப்புல?"ன்னு திட்டினேன், திட்டிக்கிட்டே நானும் அழுதுட்டேன். அம்மா உள்ள ஓடி வந்து அண்ணி கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. எலும்புதான் கைக்குக் கிடைச்சுது.

"சாப்பிட்டியாடி?" என்றாங்க அம்மா.

அண்ணி பையைத் திறந்து ஒரு இலைப் பொட்டலம் எடுத்தாங்க. பிரிச்சா, ஒரு கைப்பிடி சாமைக் களி. சூடு இன்னும் ஆறலை. "ராசா பொண்டாட்டி கட்டிக் கொடுத்தாங்க அத்தை. வழிக்குச் சோறு இல்லாம அனுப்பக் கூடாதாம். அந்த வீட்டுல நேத்து யாரும் சாப்பிடலை." அம்மா அதை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க.

அண்ணி தண்ணி குடிச்சுட்டு முதல்ல கேட்டது, "மறுபடி எப்ப திறப்பீங்க? எவ்வளவு தானியம் எடுத்துட்டுப் போகலாம்?"

இயக்குநர்தான், "பேட்டரி தீந்துபோச்சும்மா" என்றாங்க.

"இல்லை மேடம், நான் சொல்லிட்டு வந்திருக்கேன். நான் போறதுக்கு முன்னாடி ஆடி மழையும் இல்லை, அப்புறம் ஐப்பசி மழையும் பெய்யலை. மாசியில ராசாவுக்குப் பெருநாள் எடுக்கணும். ஊருக்கே சோறு போடணும், தானியம் இல்லை. தள்ளி வச்சிருக்காங்க. இன்னிக்குக் காலையில என் ஆளுங்க ஒருவேளை கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். ஊரே வந்து வழியனுப்புச்சு. ராசா, நீ திரும்பி வந்த அப்புறம் பெருநாள் எடுப்போம், அதுவரைக்கும் இந்த வருஷம் முடியாதுன்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என்ன சொல்லுவேன்? போயிட்டு வரேன்னு சொன்னேன்."

நம்ம யாரும் வேற எதையும் சொல்ல மாட்டோம். கிளம்பறப்போ போறேன்னு சொல்றது அபசகுனம். திரும்பி வராத ஊருக்குப் போனாலும் வரேன்னுதான் சொல்லுவோம், கேட்கறவங்களும் அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. அந்த ஊர்க்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

நான் ஒளிச்சு வைக்கலாம்னுதான் பார்த்தேன். ஆனா அண்ணி தானா கேன்டீன் பின்னாடி போயிட்டாங்க. தன் கல்லைப் பார்த்தாங்க. எழுத்தைப் படிச்சாங்க. அந்தத் தூக்கின கையைப் பார்த்தாங்க. நான் அதுவரைக்கும் ஆசீர்வாதம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சிற்பி கடைசியாப் பார்த்ததை அப்படியே வெட்டியிருக்கான்.

"இதை எப்ப வச்சாங்க தாட்சா?"

"ஏழாவது வருஷக் கல்லு வரிசை முடியற இடத்துலதான் கிடைச்சுது அண்ணி. இதுக்கு அப்புறம் ஒன்பதாவதுதான்."

அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. எனக்கும் அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது. வருஷம் நின்னதுன்னு நான் சொன்னது சரி. ஏன் நின்னதுன்னு சொன்னதுதான் தப்பு. சாவு விழுந்ததால நிறுத்தலை. வரேன்னு சொன்ன ஒருத்திக்காக, அடுத்த மாசி வரைக்கும் வருஷத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இனிமே வரமாட்டான்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் அவளுக்குக் கல்லை நட்டுட்டு வருஷத்தை மாத்தியிருக்காங்க.

அண்ணி மைதானத்துக்குப் போனாங்க. ஒவ்வொரு கல்லா முன்னாடி நின்னு பேரைப் படிச்சாங்க. "கொற்றன்... இவர் தை மாசமே போயிட்டார். சாத்தன்..." நின்னாங்க. "சாத்தனை இன்னிக்குக் காலையில பார்த்தேனே. பையைத் தூக்கிக்கிட்டு வந்தார்." அடுத்த கல்லு. "பொன்மாந்தன். இவரும்தான் வந்தார்." அப்புறம் பேர் படிக்கறதை நிறுத்திட்டு, கல்லு கல்லாத் தொட்டுக்கிட்டே நடந்தாங்க.

"இன்னொரு பேட்டரி செய்யறேன் நப்பி. எத்தனை வருஷமானாலும் சரி. அதே ஊரு, அதே வருஷம், தானியத்தோட போகலாம்" என்றான் அண்ணன்.

"போயிருந்தா பெருநாள் எடுத்திருப்பாங்க. எட்டாவதுன்னு ஒரு கல்லாச்சும் இருந்திருக்கும்" என்றாங்க அண்ணி. ஆனா அவன் பேட்டரி செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

அண்ணி கமிட்டி முன்னாடி போய் எல்லாத்தையும் சொன்னாங்க. நாப்பது கல்லோட படத்தையும் காட்டினாங்க. தூள் தூவறதைத் தள்ளி வச்சிருக்காங்க. கைவிடலை, தள்ளித்தான் வச்சிருக்காங்க.

அண்ணிக்கு முடி இப்ப பழைய மாதிரி இடுப்புக்கு வந்துடுச்சு. நான் கிண்டல் பண்ணினா சிரிக்கவும் செய்யறாங்க. ஆனா அந்தக் கையை மட்டும் இப்பல்லாம் யாருக்கும் காட்டறதில்லை. ஆபீசுக்கோ கடைக்கோ, எங்க கிளம்பினாலும் செருப்பைப் போட்டுக்கிட்டு, "போறேன்"னு ஒரே வார்த்தைதான். அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் பதறும். "போயிட்டு வரேன்னு சொல்லுடி, வாய்ல நல்ல வார்த்தை வரட்டும்"னு பின்னாடியே வாசல் வரைக்கும் ஓடுவாங்க.

அண்ணி திரும்பிப் பார்க்காம நடந்துடுவாங்க. தெரு முனை திரும்பற வரைக்கும் நானும் அம்மாவும் வாசல்ல நிக்கறோம்.